சாந்திக்கு ஒரு அலுமினியப் படகு

1

இந்த ஆடியோடு என் தம்பி முருகேசன் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஊரில் திதி கொடுத்தார்கள். நான் போகவில்லை. பாய்லருக்கு ஆண்டுச் சோதனை நடக்கிற வாரம் அது, விடுப்புக் கிடையாது. காரணம் உண்மைதான். விடுப்புக் கிடைத்திருந்தால் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். முருகேசன் மனைவி சாந்தி இப்போது அணையில் தனியாகப் படகு ஓட்டுகிறாள் என்று உங்களில் பலருக்குக் கோபம். அந்தப் படகு எப்படி வந்தது என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் ஐதராபாத்துக்கு வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. போலாரத்தில் வீடு. பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி பேருந்து வரும், இடது பக்கம் நான்காவது இருக்கை என்னுடையது. முருகேசன் என்னைவிட ஆறு வயது சின்னவன். மேட்டூர் அணைக்குப் பின்னால், கொளத்தூர்ப் பக்கம், பிறந்த வீட்டிலேயே இருந்துகொண்டு நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு மீன் பிடித்தான். போன ஆடிக் காற்றில் பரிசல் கவிழ்ந்தது. வலை காலில் சுற்றியிருந்ததாம். இரண்டாம் நாள்தான் கிடைத்தான்.

செய்தி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். ஷிப்ட் பொறுப்பாளரை போனில் கூப்பிட்டு, "மா தம்முடு போயாடு சார்" என்றேன். என் தம்பி போய்விட்டான் என்று. அவர், "எக்கடிகி?" என்று கேட்டார். எங்கே என்று. இறந்துவிட்டான் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத தெலுங்குச் சொல் எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை கேட்ட சொல். அன்றைக்குத் தமிழில் யோசித்துத் தெலுங்கில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன். எங்கே என்று கேட்டவரிடம், "மேட்டூருக்கு" என்றேன். அவரும் சரி என்றார். விடுப்புக்கான காரணமாக 'சொந்த வேலை' என்று பதிவாகியிருந்தது. திரும்பி வந்த பிறகு பார்த்தேன். திருத்தச் சொல்லவில்லை.

ஊரில் மூன்று நாள் இருந்தேன். சொன்ன இடத்தில் நின்றேன், கொடுத்ததை வாங்கினேன், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், குனிந்தேன். பெரியக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுடா, அழுதுருடா ராசேந்திரா" என்றாள். அழுகை வரவில்லை. வயல்பக்கம் நின்ற இரண்டு பேர், வெளியூர்லயே இருந்து இருந்து மனசு மரத்துப் போச்சு என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவர்கள் சொன்னது சரி என்றுதான் நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் நான்காவது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் நிவிக்கு இருபத்திரண்டு வயது. சித்தப்பா என்பவர் அவளுக்கு போனில் வரும் ஒரு குரல். "நேனு ராவாலா நான்னா?" என்று கேட்டாள். நானும் வரவேண்டுமா அப்பா என்று. வேண்டாம் என்றேன். "ஓகே" என்றாள். அப்படித்தான் அது முடிந்தது.

2

பத்து மாதம் கழித்து, வைகாசியில், சாந்தி போன் செய்தாள்.

"மாமா, நல்லாருக்கீங்களா? ஒரு வேலையா கூப்பிட்டேன். உங்க ஊர்ல அலுமினியத்துல சின்னப் படகு செய்யறாங்களாம். பட்டறை அட்ரஸ் மீனவர் சொசைட்டிக்காரர் குடுத்தாரு. பட்டான்செருன்னு போட்டிருக்கு. உங்க கம்பெனி இருக்கற எடம்தானே? ஒரு நடை போய்ப் பாத்துட்டு, எது எனக்குத் தோதுப்படும்னு சொல்றீங்களா?"

"யாருக்கும்மா படகு?"

"எனக்குத்தான் மாமா. லைசென்ஸ் எம் பேருக்கு வந்துருச்சு."

அந்த லைசென்ஸ் வந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னாள். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். உரிமத்தில் முருகேசன், இறப்புச் சான்றிதழில் முருகேசு, ஆதாரில் முருகேஷ். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதற்குமுன் வாரிசுச் சான்றிதழ். அதில் அவள் பெயரைச் சாந்தா என்று அடித்துவிட்டார்கள். அதைத் திருத்த மறுபடி முதலிலிருந்து மனு. கடைசி மேசையில் இருந்தவர், "பொம்பளைப் பேருக்கா?" என்று கேட்டுவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கியாச்சும் எழுதியிருந்தாக் காட்டுங்கன்னேன் மாமா. அவரு தேடித்தான் பாத்தாரு. இல்ல. சீல் குத்திக் குடுத்துட்டாரு."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பெரியக்கா கூப்பிட்டாள். அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ராசேந்திரா, அவ கேட்டான்னு நீ எதாச்சும் வாங்கிக் குடுத்துறாதடா. ஒருத்தனைத் தண்ணி கொண்டுட்டுப் போனது பத்தாதா? வயசுக்கு வந்த புள்ளை ஒண்ணு நர்சிங் படிக்குது. இவளும் போயிட்டா அதுக்கு யாரு? கல்யாண மண்டபத்துல சமையலுக்கு ஆள் கேக்கறாங்க. மரியாதையா அங்க போகட்டும். நீ ஒண்ணு செய், அந்தப் படகெல்லாம் சரியில்லன்னு சொல்லிரு. நீ சொன்னா அவ கேப்பா."

சரி என்றேன்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். தொழிற்பேட்டையின் பின்சந்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. முதலாளி ரஹீம் பாய், அறுபது வயது இருக்கும். அவர் பேசுவது இந்த ஊர் உருது. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன், அவர் வாயில் அடிக்கடி வரும் ஒன்றிரண்டு சொற்களை அப்படியே விட்டுவிட்டு. ரசாயனக் கம்பெனிகளுக்குத் தொட்டி செய்வதுதான் அவருடைய முக்கியத் தொழில். படகு இரண்டாவது. மூன்று படகுகள் கவிழ்த்து வைத்திருந்தார். தட்டிப் பார்த்தேன், அளந்து பார்த்தேன். அலுமினியத் தகடும் வெல்டிங்கும் எனக்குப் பழகிய விஷயம். நன்றாகத்தான் இருந்தன.

"இதுல என்ன குறை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கைக்கு சாப்? வாங்க வர்றவங்க நல்லது என்னன்னுதானே கேப்பாங்க!" கைக்கு என்றால் எதற்கு.

அவருடைய அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சாந்தியைக் கூப்பிட்டு, "அங்க இப்பப் படகு செய்யறதில்லம்மா. டேங்க் மட்டும்தானாம்" என்றேன்.

"அப்படிங்களா மாமா" என்றாள்.

வாழ்க்கையில் நான் அதிகம் பொய் சொன்னவன் இல்லை. சொன்னால் காது சூடாகும். அன்றைக்கு அதுவும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, ராணி வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

3

ஆனி மாதம் ஒரு நாள் பாய்லர் ஹவுஸில் இருக்கும்போது சாந்தியிடமிருந்து போன். பின்னால் ரயில் ஓடும் சத்தம்.

"மாமா, சேலத்துல ஏறிட்டேன். நாளைக்கு மத்தியானம் செகந்திராபாத்து வந்துருவேன். நீங்க வேலையிலருந்து வரவேணாம், நிவிப் புள்ளைய வரச் சொல்லுங்க. மூஞ்சி ஞாபகம் இருக்கு."

எதற்கு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் நான் வீடு திரும்பியபோது அவள் என் மனைவி ராணியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது, கைகள் மட்டும் முன்பு பார்த்த அதே முரட்டுக் கைகள். நிவி அவளைப் பார்த்து ஏதோ விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையில், "தின்னாரா சித்தி?" என்றாள். சாந்தி முகம் ஒரு கணம் மாறியது. தெலுங்கில் அதுதான் மரியாதையான சொல், சாப்பிட்டீர்களா என்று அர்த்தம் என்று ராணி அவசரமாகச் சொன்னாள்.

"நான் என்ன மாடா கண்ணு, தின்னாச்சான்னு கேக்கறியே" என்று சாந்தி சிரித்தாள். நிவியும் சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. நான் கை கழுவப் போனேன்.

சாப்பிடும்போது சாந்தி சொன்னாள், "சொசைட்டிக்காரர் பட்டறை நம்பரும் குடுத்திருந்தாரு மாமா. போன் பண்ணிப் பாத்தேன். அவங்க பேசினது எனக்குப் புரியல. ஆனா படகுன்னேன், ஹவ் ஹவ்வுன்னாங்க. ஹவ்வுன்னா ஆமான்னு அர்த்தமாமே?"

நிவி தலையாட்டினாள்.

"அதான் நேர்லயே பாத்துரலாம்னு வந்தேன். நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? நிவி, நீயும் வா கண்ணு. பேச்சுக்கு ஆள் வேணும்."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

4

ரஹீம் பாய் என்னைப் பார்த்ததுமே இரண்டு கைகளையும் விரித்தார். நிவியிடம் வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு அது புரிந்தது. நிவிக்குப் பின்னணி எதுவும் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவள், வேலையைச் சரியாகச் செய்தாள்.

"சித்தி, அப்பா போன மாசமே வந்தாராம். மூணு போட்டையும் அளந்து பாத்தாராம். என்ன குறைன்னு கேட்டாராம். கார்டு கூட வாங்கிட்டுப் போனாராம்." அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு வருடக்கணக்காகிறது.

சாந்தி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்படியா" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுகளிடம் போனாள்.

முதலாவது பத்தடி, அடிப்பக்கம் கூராக வளைந்தது. ஒரு ஓரத்தில் காலை வைத்து அழுத்தினாள், சட்டென்று சாய்ந்தது. "வலை இழுக்கையில ஒரே பக்கமாத்தான் நிப்போம். இது ஆகாது." மூன்றாவது பதினான்கு அடி. தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. "தண்ணி எறங்கறப்ப கரை அரை மைல் தள்ளிப் போயிரும். நானும் எம் மகளும் தூக்கணும்ல." ரஹீம் பாயும், "நக்கோ, அது உங்களுக்கு நக்கோ" என்று, வேண்டாமென்று கையை ஆட்டினார்.

நடுவில் இருந்தது பன்னிரண்டு அடி. தட்டையான அடிப்பாகம், இரண்டு குறுக்குப் பலகைகள். சாந்தி உள்ளே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். கண்ணை மூடி விரலால் உள்பக்கத்தைத் தட்டினாள். "சத்தம் அதிகம். மீனு ஓடிரும். அடியில ரப்பர் விரிக்கணும். வெயில்ல கொதிக்கும், அதுக்கும் அது ஆகும்." எழுந்து உட்கார்ந்து, வலை இழுப்பதுபோல இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தாள். விளிம்பில் வலை சிக்கும்படி துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஆணிகளைக் காட்டி, அவற்றை எடுக்கச் சொன்னாள். ரஹீம் பாய் ஒரு சாக்பீஸால் அந்த இடங்களில் குறி போட்டார். பாதியிலேயே அவர் நிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாந்தியின் கைகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்.

"தண்ணிக்குக் கீழ பழைய மரத்து மொட்டையும் பாறையும் கெடக்கு. மூட்டு விட்டுருமா? அது எனக்குத் தெரியாது. அதைப் பாக்கத்தான் மாமாவைக் கேட்டேன்" என்றாள் சாந்தி, என்னைப் பார்க்காமல் நிவியிடம்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். சாக்பீஸ் பொடியும் மண்ணெண்ணெயும் கேட்டேன். படகின் வெளிப்பக்கத்து மூட்டு முழுக்கப் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்பக்கத்தில் மண்ணெண்ணெயைத் தடவினேன். பற்றவைப்பில் நூலளவு ஓட்டை இருந்தாலும் மண்ணெண்ணெய் அதில் புகுந்து வெள்ளைப் பொடியில் கறையாகத் தெரியும். பாய்லர் வேலையில் பழைய ஆட்கள் எனக்குக் காட்டியது. அரை மணி நேரம் காத்திருந்தோம். பின்மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறை பூத்தது. தொட்டுக் காட்டினேன். ரஹீம் பாய்க்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே அரைத்து எடுத்து, மறுபடி பற்றவைக்கச் சொன்னார். மறுபடி பூசினேன். இந்த முறை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

கை வேலை செய்துகொண்டிருந்தபோது மனசு எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கறையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

5

பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரி. செய்யும் படகுகளை ரஹீம் பாய் அங்கேதான் மிதக்கவிட்டுப் பார்ப்பார். அன்று மதியமே சின்ன வண்டியில் கொண்டுபோனோம்.

சாந்தி தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தாள். துடுப்பு அவள் கையில் சத்தமில்லாமல் போய் வந்தது. கரைக்கு வந்து, "பாரத்தோட பாக்கணும். ஏறுங்க மாமா" என்றாள்.

நான் தண்ணீரில் இறங்கி முப்பது வருடமிருக்கும். ஏறினேன். பட்டறை ஆட்கள் படகில் நீளக் கயிறு கட்டிக் கரையில் பிடித்துக்கொண்டார்கள். கழுத்தளவு ஆழத்தில் நிறுத்தினாள். "அந்த ஓரத்துல சாயுங்க." சாய்ந்தேன். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரற்கடை இருந்தது. "சரி. இப்ப ரொப்பலாம்" என்று வாளியை எடுத்துத் தண்ணீரை மொண்டு படகுக்குள் ஊற்ற ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?"

"ரொம்பினப்பறம் முழுகுதா இல்லியான்னு பாக்க. அதுக்குத்தான் மாமா இத்தனை தூரம் வந்தேன்."

பலகைகளுக்கு அடியில் மூடிய பெட்டிபோல அடைத்து, மிதப்பதற்காக உள்ளே ஃபோம் வைத்திருந்தார் ரஹீம் பாய். முழுகாது என்று அவர் கரையிலிருந்து கத்தினார். முழுகவில்லைதான். ஆனால் தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் படகு மெல்ல ஒரு பக்கம் உருண்டது. அப்படியே எங்களைக் கொட்டிவிட்டது.

தண்ணீருக்குள் என் கண் திறந்தே இருந்தது. பச்சையாக இருந்தது. காதில் ஒரு இரைச்சல். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை என்று நினைக்கிறேன். சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். தலை வெளியே வந்தபோது சாந்தியின் முகம் பக்கத்தில் இருந்தது.

"படகைப் புடிங்க மாமா! கையை விட்டுட்டுச் சும்மா கெடக்கறீங்களே! புடிங்க!"

பிடித்தேன். கரையோரம் நிவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "நான்னா! நான்னா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

6

ரஹீம் பாய் எங்கள் இரண்டு பேருக்கும் துண்டு கொடுத்துவிட்டு, ஆட்களோடு படகைக் கரையேற்றப் போனார். நிவி தேநீர் வாங்கப் போனாள். ஏரிக்கரைச் சரிவில் நானும் சாந்தியும் மட்டும்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?" கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அக்கா சொன்னா."

"அக்கா சொன்னாங்க, சரி. நீங்க என்ன நெனைச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் நெனைக்கலம்மா."

அவள் சேலை முந்தானையைப் பிழிந்தாள். நான் பேச ஆரம்பித்தேன். இந்தக் குறிப்பில் இதுவரை எழுதாமல் வந்த ஒன்றை அவளிடம் அன்றைக்குச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் முருகேசன் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். 'அண்ணா, உங்க பக்கம் அலுமினியத்துல படகு செய்யறாங்களாம். பரிசல் காத்துக்குத் தாங்க மாட்டேங்குது. ஒரு எட்டுப் போய்ப் பாத்துச் சொல்லு.' பேருந்தில் உட்கார்ந்து கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். பொங்கலுக்குப் பேசும்போது மறுபடி கேட்டான். பாக்கறேன் என்றேன். எங்கள் தொழிற்சாலை வாசலிலிருந்து அந்தப் பட்டறை ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம்.

"தெரியும் மாமா" என்றாள். "அவரு அனுப்பறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"நீ ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டு?" முந்தானையை உதறித் தோளில் போட்டாள். "உங்களைச் சொல்றதா இருந்தா அவரையும் சொல்லணும். பரிசலை மாத்தறேன் மாத்தறேன்னு அவரும் ரெண்டு வருசம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. என்னையும் சொல்லணும். அன்னிக்கு எம் மகளுக்குக் காலேஜுல சேர்க்கை. நான் போகல. இல்லைன்னா எப்பவும் முன்னால உக்காந்து வலை இழுக்கறது நான்தான். இருவது வருசமா இழுத்தேன் மாமா. லைசென்ஸ்ல மட்டும்தான் அவரு பேரு."

"அக்கா மண்டபத்து வேலைன்னு சொன்னா..."

"நான் ஆக்கினா அவங்களே திங்க மாட்டாங்க." சிரிக்காமல் சொன்னாள். "எனக்குத் தண்ணி மேல கோபம் இல்ல மாமா. முழுகாத ஒண்ணு வேணும், அவ்வளவுதான். கவுந்தாலும் புடிச்சிக்கிட்டுக் கெடக்க ஒண்ணு. விடிஞ்சா யாராச்சும் வந்து பாப்பாங்க. அவருக்குப் புடிக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு."

நிவி தேநீரோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் தேநீரைக் குடித்தேன்.

அந்தச் சரிவிலேயே படகு தீர்மானமானது. சாந்தி ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினாள். ஃபோம் பலகைக்கு அடியில் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே நீளமாக வைத்து அடைக்க வேண்டும், அப்போதுதான் நிரம்பினாலும் உருளாது. ரஹீம் பாய் தலையைச் சொறிந்தார். இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். படகை வாங்கியவர்கள் யாரும் அதைத் தண்ணீரால் நிரப்பிப் பார்த்ததில்லை என்றார். பிறகு அவரே குனிந்து அந்தப் படத்தை போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

7

வேலை முடிய ஐந்து நாளானது. அதுவரை சாந்தி எங்கள் வீட்டில் இருந்தாள். நிவி அவளுக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்தாள். வலைக்கு அங்கேயும் 'வல'தான் என்று தெரிந்ததில் இரண்டு பேருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. ஒரு நாள் நான் உள்ளே வரும்போது நிவி, "சித்தப்பா எப்படிப் பேசுவார்? போன்ல ஹலோ மட்டும்தான் ஞாபகம்" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். சாந்தி தன் போனை எடுத்து எதையோ ஒலிக்கவிட்டாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஆறாம் நாள் மறுபடி அதே ஏரி. மறுபடி வாளியால் நிரப்பினோம். விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. அசைத்தாள், குதித்தாள், என்னையும் ஒரே பக்கம் சாயச் சொன்னாள். உருளவில்லை. இடுப்பு வரை தண்ணீரில், முழுகாத படகுக்குள், எதிரெதிர்ப் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"இதுதான் மாமா" என்றாள்.

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவந்துவிட்டுச் சேலம் பக்கம் காலியாகத் திரும்பும் லாரி ஒன்றில் படகைக் கவிழ்த்துக் கட்டினோம். பட்டறையின் ரசீதில் பெறுபவர் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று நிவி நான்கு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சாந்தி, சாந்தா இல்லை.

வாரக் கடைசியில் பெரியக்கா போனில் கத்தினாள். "யாருடா அவளுக்கு அதைப் பாத்துக் குடுத்தது?"

"நான்தான்கா" என்றேன். "நல்ல படகு."

வைத்துவிட்டாள். இன்னும் பேசவில்லை.

இப்போது ஆடி. சாந்தி சாயங்காலம் வலை விட்டு விடியற்காலையில் எடுக்கிறாள். கரைக்கு வந்ததும் எனக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டுக் கட் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பேருந்து பாதி வழியில் இருக்கும்போது ரிங் வரும். எடுக்கமாட்டேன். போனைப் பையில் போட்டுக்கொள்வேன். மழை மேகம் தெரிகிற நாட்களில் மேட்டூரில் என்ன காற்று என்று போனில் பார்க்கிறேன். இது எப்போது பழக்கமானது என்று தெரியவில்லை.

திதி முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள், பட்டான்செரு வரும் வரை ரிங் வரவில்லை. பேருந்திலிருந்து எல்லோரும் இறங்கி உள்ளே போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன். கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி, மறுபடி. எட்டரை ஆனது. ஷிப்ட் பொறுப்பாளர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காவல்காரர் என்னவென்று கேட்டார். எனக்கு எந்த மொழியும் வரவில்லை. ஒன்பது மணிக்கு ஒரு ரிங் வந்து கட் ஆனது.

உடனே கூப்பிட்டேன்.

"எங்க போயிட்ட? எங்க போயிட்ட நீ? மணி என்ன? ஒரு ரிங் குடுக்க என்ன கேடு? கைல போன் இருக்கில்ல? அறிவு வேணாம் மனுசிக்கு?"

தொழிற்சாலை வாசலில் நின்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். பாய்லர் ராஜேந்திரனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மீனு நெறைய மாமா. வலையிலருந்து எடுக்க நேரமாயிருச்சு. கட்லா, இம்மாம் பெருசு." அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "அழறீங்களா மாமா?"

முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.